ஆட்டப் பெட்டிகள்: நிலைத்தவையும் மறைந்தவையும்

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவியை நம் பிள்ளைகள் 'கேம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். கடைக்காரர் 'கன்சோல்' என்பர். இக்கட்டுரையில் அதனை ஆட்டப் பெட்டி என்றே வழங்குவோம். இப்பெட்டியைச் செய்து உலகெங்கும் விற்கும் பெருநிறுவனங்கள் இன்று மூன்று. ஜப்பான் நாட்டின் நிண்டெண்டோ, சோனி ஆகியவை இரண்டு. அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் மூன்றாவது. வீட்டு ஆட்டப் பெட்டி முதன்முதலில் விற்பனைக்கு வந்த 1972ஆம் ஆண்டில் இம்மூன்றில் ஒன்றும் இத்துறையில் இல்லை. அன்று முதற் பெட்டியை விற்ற மேக்னவாக்ஸ் நிறுவனம் பின்னர் இத்துறையை விட்டு நீங்கிற்று. ஒரு காலத்தில் இத்தொழிலுக்கே மறுபெயராய் விளங்கிய அட்டாரியோ பலமுறை கைமாறி, பழைய பெட்டிகளின் மறுபதிப்பை விற்கும் அளவிற்குச் சுருங்கிவிட்டது.

ஒருவர் நிலைத்ததற்கும் மற்றவர் மறைந்ததற்கும் கருவியின் ஆற்றலே காரணம் என்று பலர் எண்ணுவர். இத்துறையின் ஐம்பதாண்டு வரலாறு அதற்கு மாறாகவே பேசுகிறது. ஆற்றல் மிக்க பெட்டிகள் பல மண்ணாயின. எளிய பெட்டிகள் பல கோடிக்கணக்கில் விற்றன. பெட்டியில் ஆடுதற்கு என்ன இருந்தது, அதனை எழுதியவர்களுக்கு அந்நிறுவனம் என்ன மதிப்பு வைத்தது என்பவையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தன. ஏட்டினும் ஏட்டில் எழுதியதே பெரிது என்று அறிந்த தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று.

முதலில் இவ்வாணிகம் நடக்கும் முறையைக் காண்போம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தீபாவளிக் காலத்தில் பந்தல் போட்டுக் கடைகளை வாடகைக்கு விடுவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். பந்தல் போடுபவர் முறுக்கும் விற்பதில்லை, துணியும் விற்பதில்லை. கடைக்காரர் வந்தால்தான் மக்கள் வருவர். மக்கள் வந்தால்தான் கடைக்காரர் வருவர். இருசாராரும் வந்தால்தான் பந்தற்காரருக்கு வாடகை. ஆட்டப் பெட்டி செய்பவர் நிலையும் ஏறக்குறைய இதுவே. பெட்டியைச் சில வேளைகளில் அடக்க விலைக்கோ அதற்கும் குறைவாகவோ விற்றுவிட்டு, அதில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தின் விற்பனையிலும் பங்கு பெறுகின்றனர். இணையக் கடை வழி விற்கும் ஆட்டங்களில் இப்பங்கு வழக்கமாக 30 விழுக்காடு. ஆதலின் பெட்டி எவ்வளவு அழகாக இருப்பினும், ஆட்டம் எழுதுவோர் வாரா விட்டால் அது வெறும் பந்தல்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: இங்கே பந்தற்காரர் தாமே முதற்கடையும் போட வேண்டியிருக்கிறது.

அட்டாரி 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட பெட்டி ஆட்டங்களைத் தனித்தனிச் செருகுபெட்டியாக விற்றது. இச்செருகுபெட்டியைத்தான் நம் கடைகளில் 'கேசட்' என்று கேட்டு வாங்கினோம். அக்காலத்தில் ஓர் ஆட்டத்தை முழுவதும் ஒருவரே எழுதுவது வழக்கம். ஒரு நாவலாசிரியர் போன்ற உழைப்பு அது. ஆனால் அட்டாரியை 1976இல் வாங்கிய வார்னர் நிறுவனத்தார் நெசவுத் தொழிலிலிருந்து அழைத்து வந்து தலைமையில் அமர்த்திய ரே காசர், எழுதியவர் பெயரை உறைமேல் இட இசையவில்லை. விற்பனையில் பங்கு தரவும் இசையவில்லை. வாரன் ராபினெட் என்பவர் தாம் எழுதிய 'அட்வெஞ்சர்' என்னும் ஆட்டத்தினுள் எளிதிற் காணமுடியாத ஓர் அறையை அமைத்து, அதில் தம் பெயரை மறைத்து வைத்தார். நிறுவனத்தார்க்கே அது தெரியாது. அதை ஆடிய ஒரு சிறுவன் கண்டுபிடித்து எழுதிய பின்னரே வெளிப்பட்டது. நூலின் பாயிரத்தில் ஆக்கியோன் பெயர் முதலிடம் பெற வேண்டும் என்ற நன்னூல் விதியைக் கற்பிக்கும் நமக்கு அம்மனிதரின் ஏக்கம் எளிதில் விளங்கும்.

பெயரை ஒளித்து வைத்ததோடு அமையாத வேறு நால்வர் 1979இல் வெளியேறி, ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். பிறர் செய்த பெட்டிக்கு ஆட்டம் மட்டும் எழுதி விற்ற முதல் நிறுவனம் அதுவே. அவர்கள் உறையில் எழுதியவர் பெயர் இருந்தது. அவர்கள் வெற்றி பெற்றதைக் கண்டதும் ஆட்டம் எழுதத் தெரிந்தவரும் தெரியாதவரும் படையெடுத்தனர். அட்டாரியும் தரத்தைக் கைவிட்டது. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற 'ஈ.டி.' திரைப்படத்தை ஆட்டமாக்க ஓர் எழுத்தாளருக்குக் கொடுக்கப்பட்ட காலம் ஐந்து வாரம். விலைபோகாத சரக்குகளை 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தனர். வெறும் வதந்தி என்று பலர் கருதிய இச்செய்தி, 2014இல் அவ்விடத்தைத் தோண்டியபோது மெய்யாயிற்று. அமெரிக்காவில் 320 கோடி டாலர் அளவில் இருந்த இவ்வாணிகம், 1985இல் ஏறத்தாழ 10 கோடி டாலருக்கு இறங்கியதாகக் கணக்கிடுவர்.

அந்த இடிபாட்டில் கடை விரித்தது நிண்டெண்டோ. 1889இல் கியோட்டோ நகரில் 'ஹனாபுடா' என்னும் பூச்சீட்டுகளை அச்சிட்டு விற்கத் தொடங்கிய நிறுவனம் அது. 1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 'பேமிகாம்' என்ற பெட்டியை ஜப்பானில் வெளியிட்டது. அதன் வேற்றுருவை 1985இல் அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றது. அட்டாரியின் வீழ்ச்சியைப் பாடமாகக் கொண்டு, அமெரிக்கப் பெட்டியினுள்ளும் ஒவ்வொரு செருகுபெட்டியினுள்ளும் ஒரு சில்லைப் பொருத்தியது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் ஆட்டம் ஓடும். இசைவு பெற்ற வெளியார் ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடவும் கூடாது. குப்பை ஆட்டங்களைத் தடுத்தது என்று இதனைப் பாராட்டுவோர் உண்டு. எழுதுவோர் கழுத்தில் கயிறு கட்டியது என்று பழிப்போரும் உண்டு. இரண்டும் உண்மை என்றே நான் கருதுகிறேன்.

கேம் பாய் என்னும் கைப்பெட்டியின் கதை இன்னும் தெளிவானது. 1989இல் வந்த அதற்கு வண்ணமில்லை. திரையில் வெளிச்சமும் இல்லை. அதனை உருவாக்கிய குன்பெய் யோகோய், விலை குறைந்து பழகிப்போன பொருள்களைக் கொண்டே புதிய பயன் காண்பதைக் கொள்கையாகக் கொண்டவர். மறு ஆண்டில் சேகா நிறுவனம் வண்ணத் திரையுடன் 'கேம் கியர்' என்பதை வெளியிட்டது. அது ஆறு பேட்டரிகளை விழுங்கிவிட்டு மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கேம் பாயோ நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்திற்கு மேல் ஓடிற்று. அதனோடு 'டெட்ரிஸ்' என்ற ஆட்டமும் வந்தது. விழும் கட்டைகளை அடுக்கும் அவ்வாட்டத்திற்கு வண்ணம் தேவைப்படவில்லை. அதன் பின்வந்த வண்ண உருவையும் சேர்த்து, கேம் பாய் 11 கோடிக்கு மேல் விற்றது.

இவ்வளவும் நடந்தபோது நம் நாட்டில் என்ன இருந்தது? நிண்டெண்டோவின் பெயரைக் கேள்விப்படாத வீடுகளிலும் அதன் ஆட்டங்கள் இருந்தன என்பதே வியப்பு. 1980ஆம் ஆண்டுகளின் கடைசியிலும் 90களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் கடைகளில் பரவலாக விற்றது 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற தைவான் நாட்டுப் பெட்டி. அது பேமிகாமின் நகல். அமெரிக்கப் பெட்டியிலிருந்த காவற்சில்லு ஜப்பானியப் பேமிகாமில் இல்லாததால் நகல் செய்வது எளிதாயிற்று. ஒரே கேசட்டில் நூறு ஆட்டம், ஆயிரம் ஆட்டம் என்று உறையில் அச்சிட்டிருப்பர். உள்ளே பார்த்தால் பத்துப் பதினைந்து ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும். பிள்ளைகள் முதன்முதல் கற்ற விளம்பர ஆராய்ச்சி அதுதான் போலும். அவர்கள் நினைவில் நிற்பது பெட்டியின் பெயரன்று; மாரியோ என்னும் மீசைக்காரக் குழாய்த் தொழிலாளிதான். நகற்பெட்டி செய்தவர் ஆட்டப் பெரும்போட்டியில் இடம் பெறவில்லை. மாரியோவின் உரிமையாளர் இன்றும் நிற்கிறார்.

அடுத்து சோனி வந்த விதம். அந்நிறுவனப் பொறியாளர் கென் குட்டராகி, நிண்டெண்டோவின் அடுத்த பெட்டிக்கு ஒலிச்சில்லு செய்து கொடுத்தவர். இரு நிறுவனங்களும் சேர்ந்து குறுந்தட்டில் இயங்கும் இணைப்புக் கருவியைச் செய்வதாக இருந்தது. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி இதனை அறிவித்தது. மறுநாளே நிண்டெண்டோ தாம் சேரப்போவது பிலிப்ஸ் நிறுவனத்தோடு என்று அதே கண்காட்சியில் அறிவித்தது. பலர் முன்னிலையில் நேர்ந்த அவமதிப்பு சோனியைத் தனிவழி செல்லத் தூண்டிற்று. 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் வெளிவந்தது.

நிண்டெண்டோ 1996இல் வெளியிட்ட மறுமொழிப் பெட்டியும் ஆற்றலிற் குறைந்ததன்று. ஆயினும் அது பழைய செருகுபெட்டியையே பற்றி நின்றது. அதில் கொள்ளக்கூடியது அதிகமாகப் போனால் 64 மெகாபைட். குறுந்தட்டில் 650 மெகாபைட் அளவிற்குக் கொள்ளும். செருகுபெட்டி செய்யச் செலவும் மிகுதி, காலமும் மிகுதி. விரிந்த கதைகளை எழுத விரும்பியோர்க்கு ஏடு போதவில்லை. அதுவரை நிண்டெண்டோவிற்கே எழுதிவந்த ஸ்கொயர் நிறுவனத்தார் தங்கள் 'பைனல் பேண்டசி' வரிசையின் ஏழாம் பகுதியை 1997இல் மூன்று குறுந்தட்டுகளில் பிளேஸ்டேஷனுக்கு எழுதினர். அவர்களைப் பின்தொடர்ந்து மற்றவரும் சென்றனர். முடிவில் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்க, நிண்டெண்டோவின் பெட்டி 3 கோடியே 30 லட்சத்தை எட்டவில்லை.

குறுந்தட்டுக்கு நம் ஊரில் இன்னொரு பொருளும் இருந்தது. அதை யாரும் நகலெடுக்கலாம். கோலாலம்பூர் இம்பி சாலையில் இருந்த இம்பி பிளாசாவிலும் இரவுச் சந்தைகளிலும் திருட்டு வட்டுகள் ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தன. பெட்டியினுள் ஒரு சிறு சில்லைப் பற்றவைத்துக் கொடுத்தால் எந்த வட்டும் ஓடும். 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் வரும்வரை, வந்த பின்னரும் சில காலம், இதுவே வழக்கமாயிருந்தது. தோட்டப்புறப் பிள்ளைகள் பிளேஸ்டேஷனை அறிந்தது திருட்டு வட்டால்தான் என்று சொல்வது கசப்பாயினும் பொய்யன்று. எழுதியவருக்கு அந்த ஐந்து வெள்ளியில் ஒரு காசும் போகவில்லை. அக்காலத்தில் உள்நாட்டில் ஆட்டம் எழுத நினைத்தவர்க்கு ஐந்து வெள்ளிச் சந்தையோடு எங்ஙனம் போட்டியிடுவது?

சேகாவின் வீழ்ச்சி ஆசிரியர் கூடங்களில் பாடமாக வைக்கத்தக்கது. 1991இல் 'சோனிக்' என்ற நீல முள்ளெலியைக் கொண்டு நிண்டெண்டோவை அமெரிக்காவில் நடுங்க வைத்த நிறுவனம் அது. பின்னர் ஒரு பெட்டிக்குமேல் இணைப்புக் கருவி, அதற்குமேல் இன்னொன்று, அதே காலத்தில் வேறொரு புதுப்பெட்டி என்று வாங்கியவர் வயிற்றெரிச்சலைக் கட்டிக்கொண்டது. 1995 மேயில் தன் சேட்டர்ன் பெட்டியைச் சொல்லாமற் கொள்ளாமல் குறித்த நாளுக்கு நான்கு திங்கள் முன்னரே அமெரிக்கக் கடைகளில் இறக்கிற்று. ஆட்டம் எழுதுவோர் ஆயத்தமாக இல்லை. சரக்குக் கிடைக்காத கடைக்காரர் சினந்தனர். விலை 399 டாலர். அதே நாளில் சோனியின் பேச்சாளர் மேடையேறித் தம் பெட்டியின் விலையை மட்டும் கூறி இறங்கினார், அது 299. அடுத்து வந்த டிரீம்காஸ்ட், இணைய இணைப்போடு பிறந்த நல்ல பெட்டி. ஆயினும் நம்பிக்கை திரும்பவில்லை. 2001 ஜனவரி இறுதியில் பெட்டி செய்யும் தொழிலையே விடுவதாகச் சேகா அறிவித்தது. தலைவர் இசாவோ ஒகாவா ஏறத்தாழ 70 கோடி டாலர் மதிப்புள்ள தம் பங்குகளை நிறுவனத்திற்கே அளித்துவிட்டு, அவ்வாண்டு மார்ச்சில் மறைந்தார்.

அதனோடு சேகா ஒழிந்ததா? இல்லை. பிறர் பெட்டிகளுக்கு ஆட்டம் எழுதி இன்றளவும் வாழ்கிறது. 2007இல் சோனிக்கும் மாரியோவும் ஒரே ஆட்டத்தில், நிண்டெண்டோவின் பெட்டியிலேயே, ஒலிம்பிக் பந்தயம் ஓடினர்.

மைக்ரோசாப்ட் 2001இல் நுழைந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். பணத்திற்குக் குறைவில்லாதவர் வந்தனர் என்பதே செய்தி. 2005இல் வந்த அவர்களது இரண்டாம் பெட்டி வெப்பத்தால் பழுதாகி, முகப்பில் சிவப்பு வளையம் காட்டிற்று. அதற்காக 2007இல் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிப் பழுதுகளைச் சீர்செய்து கொடுத்தனர். 2013இல் வேறுவகைத் தவறு: வாங்கிய ஆட்ட வட்டைப் பிறருக்கு விற்கவும் கொடுக்கவும் கட்டுப்பாடு விதிக்கப்போவதாக அறிவித்தனர். புத்தகத்தை நண்பனுக்கு இரவல் தரக்கூடாது என்பது போன்றது இது. எழுந்த எதிர்ப்பைக் கண்டு சில நாள்களில் கைவிட்டனர். ஆனால் மனக்கசப்பு நின்றது. 2023 அக்டோபரில், பெயருக்காக அட்டாரியை விட்டு வெளியேறியோர் தொடங்கிய அந்த ஆக்டிவிஷனை, அது பிற நிறுவனங்களோடு சேர்ந்து வளர்ந்த நிலையில், ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு மைக்ரோசாப்ட் வாங்கி முடித்தது. மறு ஆண்டு முதல் தன் ஆட்டங்கள் சிலவற்றைப் போட்டியாளர் பெட்டிகளிலும் வெளியிடத் தொடங்கிற்று. சேகா சென்ற வழியில் பாதி தொலைவு சென்றிருக்கிறது என்று சொல்லலாம்.

நிண்டெண்டோவோ விழுந்து விழுந்து எழுந்தது. 2006இல் மற்றவர் படத் துல்லியத்தில் போட்டியிட, அது கையசைவால் ஆடும் 'வீ' என்ற எளிய பெட்டியைக் கொண்டுவந்து, பாட்டிமாரையும் ஆட வைத்து, 10 கோடிக்கு மேல் விற்றது. அதன் பின்வந்த 'வீ யூ' பெட்டி 1 கோடியே 36 லட்சத்தையும் எட்டவில்லை. தலைவர் சத்தோரு இவாத்தா 2014இல் தம் ஊதியத்தைச் சில திங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அவரும் முன்னாளில் ஆட்டம் எழுதியவரே. எழுதுவோரை வேலையிலிருந்து நீக்கினால் எஞ்சியோர் அச்சத்தோடு எழுதுவர், அச்சத்தோடு எழுதியது மக்களைக் கவராது என்பது அவர் கருத்து. 2015இல் அவர் மறைந்தார். அவர் காலத்தில் வித்திட்ட 'சுவிட்ச்' 2017 மார்ச்சில் வெளிவந்து, 15 கோடிக்கு மேல் விற்றது. வீ யூ பெட்டிக்கு எழுதி அதிகம் பேர் ஆடாத நல்லாட்டங்கள் பல, சுவிட்சில் மறுபிறவி எடுத்தன.

ஏடு செல்லரித்தாலும் நூல் படியெடுக்கப்பட்டால் வாழும். படியெடுக்க ஆளில்லையேல் நூலும் போம். சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் பதிப்பித்திராவிட்டால் நாம் எதைக் கற்பிப்போம்? ஆட்டங்களுக்கும் இவ்வாபத்து வந்துவிட்டது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று அந்நாட்டின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஆராய்ந்து கூறியது. அவற்றுள் பெரும்பாலானவை வெளிவந்து ஐம்பதாண்டும் ஆகாதவை! பெட்டி விற்போர் ஒவ்வொரு தலைமுறையிலும் பழைய பெட்டியை மறக்கச் செய்தே புதியதை விற்கின்றனர். அதன் விலை இது.

இப்போட்டி இனி நம் நாட்டையும் விட்டுவைக்காது. 2020இல் சோனி தென்கிழக்காசியாவில் தன் முதல் ஆட்டக்கூடத்தைக் கோலாலம்பூரில் திறந்தது. 'பால்டர்ஸ் கேட் 3' என்ற பெரும்புகழ் பெற்ற ஆட்டத்தை 2023இல் வெளியிட்ட பெல்ஜிய நாட்டு லேரியன் நிறுவனத்திற்கும் அந்நகரில் ஒரு கிளை உண்டு. ஜப்பானில் பைனல் பேண்டசிப் பணியில் இருந்து திரும்பிய வான் ஹஸ்மர், தம் உறவினர் டயிம் சியாவுதீனோடு மெட்ரோனோமிக் என்ற நிறுவனத்தை இங்கே நிறுவி, 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' என்ற இசையாட்டத்தை 2020இல் வெளியிட்டார். மலேசியர் எழுதிய அவ்வாட்டம் மூன்று நிறுவனங்களின் பெட்டிகளிலும் ஓடிற்று. நிண்டெண்டோவோ 2025 நவம்பரில்தான் மலேசியர்க்கெனத் தன் இணையக் கடையைத் திறந்தது. அதுவரை நம்மவர் வேற்று நாட்டவர் போலப் பதிந்துகொண்டே வாங்கினர். கைப்பேசி ஆட்டங்கள் உலக ஆட்ட வருவாயில் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொண்ட பின், இதுவரை எண்ணாத நாடுகளையும் பெட்டிக்காரர் எண்ண வேண்டியதாயிற்று.

எண்ணப்படாத மொழி என்று ஒன்றும் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 பெட்டியின் மொழிப் பட்டியலில் தாய்லாந்து மொழி உண்டு, வியட்நாமியம் உண்டு, இந்தோனேசியம் உண்டு. தமிழ் இல்லை. பேசுவோர் 7 கோடிக்கு மேல் என்று நாம் பெருமை கொள்ளலாம். விற்பவர் எண்ணுவது பேசுவோரையன்று, வாங்குவோரை. ஆனால் பெட்டியில் இல்லாத மொழியும் ஆட்டத்தில் இருக்கலாம். எம்மொழியில் எழுதுவது என்பதை அங்கே தீர்மானிப்பவர் ஆட்டத்தை ஆக்கியவர். அவ்வாக்கியோரில் நாளை நம் பள்ளிப் பிள்ளைகள் சிலரும் இருக்கக்கூடும். அவர்களிடம் அதற்கான சொற்கள் இருக்குமா என்பதே என் கவலை.

இதனை அறிய ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாக, தாம் ஆடும் ஓர் ஆட்டத்தின் விதிகளைத் தமிழில் எழுதச் சொன்னேன். 'மூன்று உயிர்' என்பது தடையின்றி வந்தது. 'லெவல்' என்பதற்கு நிலை, படி, கட்டம் என மூன்று கட்சிகள் எழுந்தன. எதிரியை வீழ்த்துவதற்குப் பெரும்பாலோர் 'கொல்' என்று எழுத, பாட்டியிடம் தாயம் ஆடப் பழகிய ஒரு மாணவி மட்டும் 'வெட்டு' என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தை முடித்ததை அவள் 'பழம்' என்றாள். தாயத்தில் காய் வீடு சேர்ந்தால் பழம் என்பது அறிந்ததே. உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் அது கொச்சை என்றார். எனக்கு அது கலைச்சொல்லாகவே படுகிறது. தாயம், பல்லாங்குழி, பாண்டி, கிட்டிப்புள் முதலிய ஆட்டங்களில் தத்தம் தோட்டத்திலும் ஊரிலும் வழங்கிய இத்தகைய சொற்களை, அவை எந்த நிலைமையைக் குறித்தன என்ற விளக்கத்தோடு, ஆசிரிய அன்பர்கள் இப்பகுதிக்கு எழுதியனுப்பினால் ஒருங்கே தொகுத்து வெளியிட முயலலாம்.